எந்த இடத்தில் எடுத்தது?

முதல் நாள்: எழும்பூர்

அண்ணன் மகள் பி.ஏ. வரலாறு கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றே வீட்டில் சொல்லிவிட்டாள், மேலே தொல்லியல் படிக்கப் போகிறேன் என்று. அண்ணன் உடனே எனக்குப் போன் போட்டார். "மண்ணு தோண்டவா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வச்சேன்? நீதான் அவ மனசைக் கலைச்சது." நான் அரசுப் பள்ளியில் இருபத்து மூன்று வருடமாக வரலாறு நடத்துகிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவளை ஏதாவது ஒரு கோயிலுக்கோ கல்வெட்டுக்கோ இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். என்னால் மறுக்க முடியவில்லை.

ஐந்து நாள் கொடுங்கள் என்று கேட்டேன். இந்த வேலை எப்படிப்பட்டது, படிக்க என்ன வழி, படித்தால் சோறு போடுமா, எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டுகிறேன். பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்று சொன்னால் தடுக்கக் கூடாது. அரைமனதாக ஒப்புக்கொண்டார். அந்த ஐந்து நாளையும் தினமும் ராத்திரி இங்கே எழுதப் போகிறேன்.

கிளம்பும்போது என் கைப்பையில் ஒரு தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு பானை ஓடு இருக்கிறது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, கட்டைவிரல் அகலம். 1988ல் நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, அண்ணனோடு ஆடு பார்க்கப் போன பரம்பில், அதாவது ஊருக்கு வெளியே உள்ள மேட்டு நிலத்தில் எடுத்தது. எங்கள் ஊர் தாமிரபரணிக்கரை. மழை பெய்தால் பரம்பில், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளின் வாய் வெளியே தெரியும். அந்த ஓடுதான் என்னை வரலாறு படிக்க வைத்தது. அது என்னிடம் இருப்பது சரிதானா என்ற கேள்வி சில வருடங்களாக உறுத்துகிறது. அதற்கும் இந்தப் பயணத்தில் பதில் தேட வேண்டும்.

பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பலர் அன்றைக்குப் போய்த் திரும்புகிறார்கள், குறித்துக்கொள்ளுங்கள். 1851ல் தொடங்கியது. இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்த பழைய பெரிய அருங்காட்சியகம் இதுதான். நாங்கள் முதலில் போனது கற்கருவிகளிடம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிறகு நாற்பது வருடம் அவர் ஊர் ஊராகச் சேர்த்ததை 1904ல் இந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அவர் நிலவியல்காரர். எந்தக் கல்லை எந்த ஊரில் எடுத்தார் என்று குறித்து வைத்திருந்தார். அதனால்தான் இன்றைக்கும் அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடங்களைத் தேடிப் போகிறார்கள். ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டிகளில் மிஞ்சுவது வெறும் கூழாங்கல் குவியல். அவள் அதைக் கேட்டுவிட்டு என் கைப்பையைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்புத்திருமேனிப் பகுதியில் ரொம்ப நேரம் நின்றோம். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் ஒரு வயதான அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டார். காவலர் அவரைத் தடுக்கவில்லை. இங்குள்ள சிலைகளில் பல, படையெடுப்புக்குப் பயந்து மண்ணில் புதைத்து, பிறகு வீடு கட்டவோ வயல் வெட்டவோ தோண்டும்போது கிடைத்தவை. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அந்த வழியாகத்தான் அவை இங்கே வந்தன. பூசையில் இருந்த சாமி, எண் போட்ட பொருளாக நிற்கிறது. இது சரியா என்று அவள் கேட்டாள். எனக்கு ஒரே பதிலாகச் சொல்லத் தெரியவில்லை. இங்கே இல்லாவிட்டால் பல சிலைகள் எப்போதோ கடல் தாண்டிப் போயிருக்கும். ஆனாலும் அந்த அம்மா செருப்பைக் கழற்றியதில் ஓர் உரிமை இருந்தது. அருங்காட்சியகத்தில் வேலைக்கு வருகிறவள் அந்த உரிமையை மதிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மாலையில், உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தோம். நண்பர் மூலம் தெரிந்தவர். 1930களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் எழும்பூரில் ஆய்வகம் நடத்தி, அரித்துப்போன வெண்கலங்களை மின்பகுப்பு முறையில் மீட்டெடுத்ததைப் பற்றி அத்தனை பிரியமாகப் பேசினார். மண்ணிலிருந்து வந்த வெண்கலத்தில் குளோரைடு உப்பு தங்கியிருக்கும். காற்றில் ஈரம் பட்டால் வெளிர்பச்சைப் பொடியாக வெடித்து உலோகத்தைத் தின்னத் தொடங்கும். "அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்ச்சிடக் கூடாது. மேலே படிஞ்சிருக்கிற பாசி நிறம்தான் அதுக்குத் தோல். எதை ஒட்டினாலும், எதைப் பூசினாலும், பின்னாடி வர்றவன் அதைச் சேதமில்லாம எடுக்க முடியணும்" என்றார். வேதியியல் படித்தவர்களுக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறது என்பது அவளுக்குப் புதுச் செய்தி. லக்னோவில் 1976லிருந்து இதற்கென்றே தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள் என்று சொன்னார்.

இரண்டாம் நாள்: அரிக்கமேடு, புதுச்சேரி

காலை ஏழு மணிக்கே அரிக்கமேட்டில் இருந்தோம். அரியாங்குப்பம் ஆறு, மாந்தோப்பு, இடிந்த செங்கல் சுவர்கள், ஆளில்லாத அமைதி. ரோமாபுரியோடு வணிகம் நடந்த துறை என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் நடத்திவிட்டுப் போகிற இடம்.

இங்கே நடந்ததை யோசித்தால் இந்தத் தொழிலின் கணக்கு முழுக்கத் தெரியும். 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். அதில் ஒன்றில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை செதுக்கியிருப்பதாகக் கருதினார். இடத்தின் மதிப்பு அவரால்தான் வெளியே தெரிந்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த மணி எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்? காசு கொடுத்தால் பிள்ளைகள் இன்னும் தோண்டும்.

1945ல் மத்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் வந்தார். அவர் தேடியது வேறு. இத்தாலியில் செய்த சிவப்புப் பானை ஓடுகளின் காலம் ஏற்கெனவே தெரியும். அவை எந்த மண் அடுக்கில் கிடக்கின்றன என்று பார்த்து, அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொன்னார். தென்னிந்திய வரலாற்றுக்கு ஓர் ஆணி அடித்தது போல ஆயிற்று. அது உடைந்த ஓடுகளால் நடந்தது, அவை இருந்த இடத்திலேயே இருந்ததால் நடந்தது. அதற்கு முந்தின வருடம்தான் அவர் தட்சசீலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியிருந்தார். சதுரம் சதுரமாகப் பிரித்துத் தோண்டுவது, நடுவில் மண்சுவர் விட்டு அடுக்குகளைப் படிப்பது எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் பெயர்பெற்ற தொல்லியலாளர் பி.பி. லால் போன்றவர்கள் அங்கே படித்து வந்தவர்கள். நம் நாட்டில் இன்றைக்கும் குழி போடும் முறைக்கு வேர் அங்கே இருக்கிறது.

தோப்புக்குள் நடந்தபோது அவள் சட்டென்று குனிந்தாள். மண்ணில் பாதி புதைந்து ஒரு ஓடு. எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, அளவுக்காக ஓட்டின் பக்கத்தில் வைத்து, போட்டோ எடுத்துவிட்டு, காசை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கேயோ படித்திருக்கிறாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. கூடவே கைப்பைக்குள் தீப்பெட்டி கனத்தது.

பிற்பகல் புதுச்சேரியில் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் வாசல் வரை போய், கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து அவளுக்கு அந்தக் கட்டடத்தின் கதையைச் சொன்னேன். 1950களிலிருந்து இவர்களுடைய ஆட்கள் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றிலும் ஊர், கோயில், தேதி. அப்போது அது அலுப்பான வேலையாகத்தான் இருந்திருக்கும். லட்சத்துக்கும் மேல் சேர்ந்த அந்தப் படங்கள்தான் பல வருடம் கழித்துக் களவுபோன சிலைகளுக்குச் சாட்சி சொன்னது. நாளைக்குப் போகிற ஊர் அதில் ஒன்று.

மூன்றாம் நாள்: ஸ்ரீபுரந்தான், தஞ்சாவூர்

பஸ், பஸ், பஸ். இன்றைக்குச் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

ஸ்ரீபுரந்தான் அரியலூர் மாவட்டம். சோழர் காலத்துச் சின்னக் கோயில். இங்கிருந்த நடராசர் களவு போனது. 2008ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. எங்கிருந்து வந்தது என்று அவர் கொடுத்த காகிதங்கள் பொய். 1990களில் இதே கோயிலுக்குள் எடுத்த பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் படமும், கலைக்கூடத்தில் நின்ற சிலையும் ஒன்றே என்று காட்டிய பிறகு வேறு வழியில்லாமல் போனது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து டெல்லியில் ஒப்படைத்தார். கபூருக்கு 2022ல் இன்னொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து ஆண்டுத் தண்டனை விதித்தது.

இதில் எனக்குத் திருடனைவிட வாங்கியவர்மேல்தான் கோபம் அதிகம். அருங்காட்சியகங்களுக்கான உலக மன்றம் 1986லேயே அறநெறி எழுதிவைத்திருக்கிறது: ஒரு பொருள் எந்தக் கைகள் வழியாக வந்தது என்று தீர விசாரிக்காமல் வாங்கக் கூடாது. 1970ஆம் வருட யுனெஸ்கோ உடன்படிக்கையும் இருக்கிறது, நம்முடைய 1972 தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை நாட்டைவிட்டு வெளியே போவதே குற்றம். ஆயிரம் வருடச் சோழர் சிலை புதிதாகச் சந்தைக்கு வந்தால், படித்த ஓர் அருங்காட்சியகக் காப்பாட்சியருக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? அழகு கண்ணை மறைத்திருக்கிறது. இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், திரும்பி வந்த நடராசர் தன் கோயிலுக்கு வரவில்லை. கும்பகோணத்தில் சிலைகள் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார். பூட்டும் காவலும் இல்லாத கோயிலில் வைக்க அரசுக்குப் பயம். ஊர்க்காரர் ஒருவர், "ஆஸ்திரேலியாவுல இருந்தப்பகூட ஜனங்க பாத்தாங்க, இப்ப யாரு பாக்கறா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் டீ குடித்தபடி படிப்புக் கணக்கைப் பார்த்தோம். அண்ணன் இதைத்தான் முக்கியமாகப் படிப்பார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. இங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டும் தொல்லியலும் படிக்கலாம், கடல்சார் தொல்லியலுக்கும் தனித்துறை உண்டு. மாநிலத் தொல்லியல் துறையே உதவித்தொகையோடு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. புனேயில் டெக்கான் கல்லூரி. அருங்காட்சியகவியல் என்றால் பரோடா, 1952லிருந்து நடத்துகிறார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு கிரேட்டர் நொய்டாவில். 2020ல் அதற்கு வந்த அறிவிப்பில் சமஸ்கிருதம், பாலி, அரபு எல்லாம் செம்மொழி வரிசையில் இருந்தன, தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்த்தார்கள். நாட்டில் கிடைத்த கல்வெட்டுகளில் பெரும்பங்கு எந்த மொழியில் இருக்கிறது என்பது அந்தத் துறைக்கே தெரிந்த விஷயம், அதனால்தான் அது வலித்தது.

வேலை? நேர்மையாகச் சொல்கிறேன், நிரந்தரப் பணியிடம் குறைவு. டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தொல்லியல் அலுவலர், காப்பாட்சியர் பணிகள் வருடா வருடம் வருவதில்லை. என் பழைய மாணவன் ஒருவன் ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்பந்தத்தில் இருந்தான். போனில் பேசினோம். "நாலு மாசம் சம்பளம் வரலை டீச்சர். வாடகை குடுக்க முடியாம ஊருக்கு வந்துட்டேன். ஆனா அந்த ஓடுகளுக்கு நான் போட்ட எண் இன்னும் அதுல இருக்கு" என்றான். அவன் இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் பழைய கட்டடங்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்கிறான். டிரோன், வரைபடக் கணினி வேலை, மரபணு ஆய்வு, மகரந்த ஆய்வு, பானை வரைதல் என்று பக்கக் கதவுகள் நிறைய திறந்திருக்கின்றன. நேர் கதவுதான் குறுகல். அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், சம்பள விஷயம் உட்பட.

நான்காம் நாள்: கீழடி

மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். தென்னந்தோப்புக்குள் நூற்றுப்பத்து ஏக்கர் மேடு. மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் 2014ல் தொடங்கிய அகழாய்வு, 2018லிருந்து மாநில அரசின் கையில். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாக.

ஆதன், குவிரன் ஆதன் என்று ஓட்டில் கீறிய பெயர்களின் முன்னால் அவள் அரைமணி நேரம் நின்றாள். 56 ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து என்று மாநிலத் துறையின் 2019 அறிக்கை சொன்னது. அதே அறிக்கையில்தான் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்று வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் கி.மு. 580ஐ மட்டும் படித்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டான். அவள் 353ஐத்தான் முதலில் நோட்டில் எழுதினாள். ஆழம் தெரியாத கரித்துண்டை உலகத்தின் எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் ஒரு காலம் வரும். அது எதனுடைய காலம் என்று தெரியாது.

அருங்காட்சியகம் முடிந்து குழி பக்கம் போனோம். வேலை நடக்கிற இடத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே நிற்க விட்டார்கள். மே மாத வெயில். தென்னை ஓலை நிழலில் ஏழெட்டுப் பெண்கள் சின்னக் கொத்துக்கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி எடுக்கிற ஒவ்வொன்றையும் பையில் போட்டுச் சீட்டு எழுதினாள்: குழி எண், கால்பகுதி, மண் அடுக்கு, ஆழம், தேதி. ஒரு நாள் முழுக்க இதே வேலை. அவள் முதுகு வலிக்க வலிக்கக் குனிந்து எழுதியதைத்தான் நான் என் அண்ணன் மகளுக்குக் காட்ட விரும்பினேன். தங்கத்தைக் கண்டெடுக்கும் கனவோடு வருகிறவர்கள் இந்த இடத்தில் வடிகட்டப்படுவார்கள்.

சுரண்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா, ஐம்பது வயது இருக்கும், திடீரென்று கையை உயர்த்தினார். "மண்ணு நெறம் மாறுது. பொறுங்க." எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மாணவி இறங்கிப் பார்த்தாள், தண்ணீர் லேசாகத் தெளித்தாள். பழுப்புக்குள் ஒரு வட்டம், கொஞ்சம் கறுப்பாக. கம்பு நட்ட குழியாக இருக்கலாம், இல்லாவிட்டால் எலி வளை. எதுவானாலும் அந்த அக்கா நிறுத்தியிருக்காவிட்டால் அடுத்த நிமிடம் அது இல்லாமல் போயிருக்கும். தோண்டுவது என்பது அழிப்பதும்தான். ஒரு பக்கத்தைப் படித்தவுடன் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போடுகிற புத்தகம் அது. படித்தவர் சரியாக எழுதிவைக்காவிட்டால் பிறகு யாருக்கும் கிடையாது.

அதனால்தான் அறிக்கை எழுதுவதை நான் தோண்டுவதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அமர்நாத் ராமகிருஷ்ணா தன் முதல் இரண்டு கட்டத்துக்கு 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தித் தரும்படி துறை திருப்பிக் கேட்டது. ஆதாரப்படி எழுதியதை மாற்ற முடியாது என்று அவர் பதில் கொடுத்தார். அறிக்கையில் கேள்வி கேட்பது அறிவியலுக்கு நல்லது, கேட்கத்தான் வேண்டும். வெளியிட்டுவிட்டுக் கேளுங்கள். படிக்காமல் யார் எப்படிச் சரிபார்ப்பது? அதே போல, நம் பக்கத்தில் ஒவ்வொரு காலக்கணிப்பு வரும்போதும் வெடி வெடித்துக் கொண்டாடுகிறோமே, அதுவும் ஒரு நெருக்கடிதான். பழமை கூடக் கூடச் சந்தோஷம் என்று ஊரே காத்திருக்கும்போது, "இல்லை, இது அவ்வளவு பழசு இல்லை" என்று சொல்லும் துணிவு ஒரு இளம் ஆய்வாளருக்கு வர வேண்டும். இதை அவளிடம் அழுத்திச் சொன்னேன்.

வேலை முடிந்து அந்த அக்கா கை கழுவ வந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஆறு வருடமாக வருகிறாராம். உறைகிணறு வெளியே வந்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லையாம். அருங்காட்சியகத்தில் அவரைப் போன்றவர்களின் பெயர் எங்கேயும் என் கண்ணில் படவில்லை. படித்தவர்கள் பெயரோடு மண்ணின் நிறம் கண்டவர்கள் பெயரும் ஒரு பலகையில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

துணிந்து தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அக்கா ஓட்டை விரலால் ஒருமுறை திருப்பினார். "நல்ல ஓடு டீச்சர். எங்கன எடுத்தீங்க?"

"எங்க ஊர்ப் பரம்புல."

"பரம்புல எங்கன? தாழிக்குள்ளயா, வெளியவா? மேல கெடந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பு, ஆடு, மழை. அவ்வளவுதான் ஞாபகம். அக்கா ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாவம் என்பது போல என்னைப் பார்த்தார்.

ஐந்தாம் நாள்: ஆதிச்சநல்லூர், பிறகு எங்கள் ஊர்

திருச்செந்தூர் சாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரே பரம்பு. 114 ஏக்கர். 1876ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்ற ஆய்வாளர் இங்கே தோண்டி, எடுத்ததைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். 1899லிருந்து தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்ததுதான், முதல் நாள் நாங்கள் போன எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பது. பொன் நெற்றிப்பட்டங்கள், எருமையும் பறவையும் நிற்கிற வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள். ரீ ஒரு நல்ல காரியம் செய்தார், 1915ல் பட்டியல் வெளியிட்டார். 2004-05ல் மத்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அதன் அறிக்கைக்காகப் பல வருடம் காத்திருந்து, கடைசியில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போக வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்த வழக்கைச் சொந்த வழக்காக நடத்தினார்கள்.

இப்போது குழிக்கு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். தாழிகள் எடுக்கப்படாமல், கண்டபடியே கீழே கிடக்கின்றன. 2023ல் திறந்தது. கண்ணாடியில் கால் வைக்க அவள் தயங்கினாள். "அத்தை, நம்ம ஆச்சியை இப்படிப் போட்டு மேல நடப்பாங்களா?" என்றாள்.

நியாயமான கேள்வி. ரீ எடுத்த மண்டையோடுகளை ஜுக்கர்மேன் என்ற உடற்கூறு ஆய்வாளர் அளந்து, 1930ல் எந்த இனம் எந்த இனம் என்று எழுதினார். அந்த மாதிரி இனக்கணக்கை இன்றைக்கு யாரும் ஏற்பதில்லை. கீழடியை ஒட்டிய கொந்தகையில் எடுத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூலில் முகம் செய்து 2025ல் காட்டினார்கள். பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். நானும்தான். ஆனால் அது ஒருவருடைய முகம், கேட்க முடியாத ஒருவருடைய முகம். ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020ல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்தே எடுத்துவிட்டது. நாம் எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எலும்பிலிருந்து தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதன் மரபணுவைப் பார்க்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். ஆய்வு முடிந்தபின் எலும்பு எங்கே போகும் என்று சொல்லலாம். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பலகை வைத்து, இங்கே கிடப்பவர்கள் யாரோ ஒருவரின் அம்மா அப்பா என்று எழுதலாம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணாடி ஓரம் வந்தாள்.

மத்தியானம் ஊருக்கு வந்தோம். அண்ணன் பைக்கில் வந்து நின்றார். வீட்டுக்குப் போகலாம் என்றார். பரம்பு வரை போய்விட்டுப் போகலாம் என்றாள் மகள். மூன்று பேரும் நடந்தோம். பரம்பில் பாதி இப்போது வீட்டுமனை. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் வரிசையாக. மீதிப் பாதியில் உடைமரமும் சரளைக்கல்லும்.

அவள் தீப்பெட்டியை வாங்கி அண்ணனிடம் காட்டி, "அத்தைக்கு இடம் ஞாபகம் இல்லையாம்" என்றாள். கீழடியில் எழுதிய மாதிரி ஒரு சீட்டைத் தயாராக வைத்திருந்தாள். வருடம் எழுதியாயிற்று. இடம் என்ற கட்டம் காலி. அதோடு சேர்த்துத்தான் ஓட்டைத் தாசில்தார் ஆபீஸில் ஒப்படைப்பது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தோம்.

அண்ணன் ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நீ எடுத்ததா? நான்ல எடுத்துத் தந்தேன்" என்றார். "கிடாக்குட்டி ஓடி ஒளிஞ்ச அன்னைக்கு. பெரிய தாழி ஒண்ணு வாய் பிளந்து கிடந்துச்சு. அதோட விளிம்புக்கு வெளிய, தரையில. நீ உள்ள கையை விடப் போனே, நான் வையாம இருப்பேனா. அந்த மதகுக்கு மேக்க."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு வருடம். ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அண்ணன் வாய்க்கால் மதகுக்கு இறங்கிப் போனார். அதன் கல்லில் முதுகை ஒட்டி நின்று, மேற்கே பார்த்து, அடி எண்ணிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அவள் சீட்டும் பேனாவுமாகப் பின்னாலேயே ஓடினாள். ஒரு வேலிக்கல்லைத் தாண்டி, உடைமரத்தைச் சுற்றி, சரளை மேட்டில் நின்றார்.

"எழுபத்தி ரெண்டு" என்றார் அவளிடம். "என் காலடியில. அதையும் சேத்து எழுதிக்கோ."